கல்வராயன் மலையின் நாட்டுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்

உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கல்வராயன் மலை அமைந்துள்ளது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். விளைந்த கொல்லையைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் அழித்துவிடும் என்பதால் இரவுக் காவல் இன்றியமையாதது. குழலின் வாய்வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, இக்காவலுக்கும் வேட்டைக்கும் பயன்பட்டது. மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்த இம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

சொந்த நிலமும் சட்டமும்

தன் கொல்லையில், வழிப்போக்கர் காணும்படி ஒருவர் துப்பாக்கி ஏந்தி நிற்கலாமா? அமெரிக்காவின் பல மாநிலங்களில் சொந்த நிலத்துக்கு ஒரு விதி, தெருவுக்கு வேறு விதி. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை. உரிமம் உண்டா என்றே பார்க்கிறது. அதன் 3ஆம் பிரிவின்படி, உரிமமின்றித் துப்பாக்கியை வைத்திருப்பதும் ஏந்திச் செல்வதும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இதற்கான தண்டனை 2 முதல் 5 ஆண்டுச் சிறை. உரிமம் பெற்றவரும் பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டு மூடியே கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு விதிகள்.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுப்பதால், உரிமம் இருந்தாலும் விருப்பம்போல் பன்றியைச் சுட முடியாது.

குடகின் விலக்கு

கர்நாடகத்தின் குடகில் நிலைமை வேறு. 1857 கிளர்ச்சிக்குப்பின் மக்களிடமிருந்து ஆயுதங்களைக் களைந்த ஆங்கிலேயர், தமக்குத் துணைநின்ற குடகர்களுக்கு 1861இல் விலக்கு அளித்தனர். கொடவர்களும் ஜம்மா நிலம் உடையோரும் இன்றும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம். கைல்போது விழாவில் துப்பாக்கிகளுக்கு மலர் சூட்டி வழிபடுகின்றனர். 2019இல் மத்திய அரசு இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இவ்விலக்கு, குடகர்களின் விசுவாசத்துக்கு அன்றைய ஆட்சி தந்த பரிசு. பயிர்க்காவலின் தேவையை அளந்து தரப்பட்டதன்று. அப்படியொரு பரிசு கல்வராயன் மலைக்குக் கிடைக்கவில்லை. அதனால் குடகில் பெருமைச் சின்னமாக விளங்கும் துப்பாக்கி, இங்கே காவல்துறை பறிமுதல் செய்யும் சான்றுப்பொருளாகிறது. பயிரை இழக்கும் மலை உழவருக்குத் துப்பாக்கிக்குப் பதிலாக எஞ்சியிருப்பவை வேலியும், இரவுக் காவலும், அரசின் இழப்பீடுமே.