விபத்து இழப்பீடு: உறைந்து நின்ற ரூபாய்க் கணக்கு

சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய குடும்பம் இழப்பீடு கேட்கலாம் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். இந்த உரிமை எளிதில் வந்ததில்லை. பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, பிறருடைய அஜாக்கிரதையால் காயப்பட்டவர் உயிரோடு இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். இறந்துவிட்டால் அவருடைய மனைவி மக்களுக்குக் கேட்க வழியில்லை. ரயில் வந்த பிறகு, 1846-இல் இங்கிலாந்து இதை மாற்றியது. 1855-இல் அதே வழியில் இந்தியாவிலும் ஒரு சட்டம் வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1939-இல் நிறைவேறியது. ஆனால் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிய அதன் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணமும் கட்ட வேண்டும். சம்பாதித்தவரைப் பறிகொடுத்த குடும்பம் அந்தக் கட்டணத்துக்கு எங்கே போகும்? 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்து இந்தத் தடையைத் தளர்த்தியது. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் இன்று ‘எம்.சி.ஓ.பி.’ என்று சொல்லப்படும் வழக்குகளின் தொடக்கம் அதுதான்.

இந்த வரலாற்றை உரிமை வளர்ந்த கதையாகவே சட்டப் புத்தகங்கள் சொல்கின்றன. அதில் பாதிதான் உண்மை. ஒவ்வொரு முறையும் சட்டம் கதவை அகலத் திறந்தது. ஆனால் ரூபாயில் ஒரு தொகையை எழுதிவைத்துவிட்டு, விலைவாசி ஏறிய பிறகும் அதை மாற்றாமல் விட்டது. கொடுத்த உரிமையின் பெரும்பகுதி இப்படித்தான் பறிபோனது.

தீர்ப்பாயம் வந்தும் ஒரு பெரிய தடை நீங்கவில்லை. ஓட்டுநர் மீது தவறு என்று நிரூபித்தால்தான் பணம் கிடைக்கும். 1980-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பஸ் வழக்கு வந்தது. இருட்டிய பிறகு ஓடிக்கொண்டிருந்த பஸ், தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. பாதிக்கப்பட்ட 26 பேரில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். நடந்தது கடவுள் செயல் என்று கிரிமினல் கோர்ட் ஓட்டுநரை விடுவித்தது. அந்த விடுதலையைக் காட்டி இழப்பீட்டிலிருந்தும் தப்பப் பார்த்தார் பஸ் முதலாளி. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. தவறை நிரூபிக்கச் சொல்லாமலே இழப்பீடு தரும் சட்டம் தேவை என்றும் வற்புறுத்தினார். 1982-இல் அப்படி ஒரு பிரிவு வந்தது: மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500. மரணத்துக்கான தொகை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 25,000 ஆகி, 1994-இல் 50,000 ஆனது. 2022-இல் அந்தப் பிரிவே நீங்கும் வரை அதே 50,000தான். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்தவருக்கு 1994-இல் வைத்த 25,000 ரூபாயும் 2022 ஏப்ரலில்தான் 2 லட்சம் ஆனது. இடையில் 28 ஆண்டுகள்.

1994-இல் வந்த அட்டவணையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் பார்த்தால் தொகை தெரிந்துவிடும். யார் தவறு என்ற பேச்சே இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 15 வயதுக்கு உட்பட்டவருக்கு ஆண்டு வருமானம் 3,000 ரூபாய், பெருக்கும் எண் 15 என்று போட்டு, விடை 60,000 என்று அச்சிட்டிருந்தார்கள். பெருக்கினால் 45,000 வரும். சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 30,000. இப்படிப் பல பிழைகள் இருப்பதை உச்ச நீதிமன்றம் 1996-லேயே சுட்டிக்காட்டியது. வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இந்த வழியே கிடையாது என்று 2004-இல் தீர்ப்பானது. மாதத்துக்கு 3,333 ரூபாய்! சில ஆண்டுகளில் சாதாரணக் கொத்தனார்கூட அந்த வரம்பைத் தாண்டி, ஏழைகளுக்கென்று வந்த வழிக்கு வெளியே நின்றார். வாழ்க்கைச் செலவைப் பார்த்து அவ்வப்போது அட்டவணையைத் திருத்தலாம் என்று அதைக் கொண்டுவந்த பிரிவே மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. திருத்தச் சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. 2018 மே மாதம்தான் புதிய அட்டவணை வந்தது.

நிலையான தொகை வெறும் குறைந்தபட்சம்தானே, முழு இழப்பீடு வேண்டுமானால் தவறை நிரூபித்து வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழியில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம். 35 வயதுக் கொத்தனார், மாதம் 10,000 ரூபாய் வருமானம், அவரை நம்பி நான்கு பேர். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 14,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால்பங்கு போனால் 10,500. அதை 12 மாதத்தாலும், அந்த வயதுக்கு உரிய 16 என்ற எண்ணாலும் பெருக்கினால் 20,16,000 ரூபாய். 2009, 2017 தீர்ப்புகள் வகுத்த கணக்கு இது. தவறை நிரூபிக்க முடியாவிட்டால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தருவது 5 லட்சம். இரவில், சாட்சி இல்லாத சாலையில் அடிபட்டு இறந்தவரின் மனைவி எதை வைத்து நிரூபிப்பார்? முதல் வழி அடைபட்டவர்களுக்கு நிலையான தொகைதான் மொத்தமும்.

தொகையைக் கூட்டினால் பிரீமியம் ஏறும், ஆட்டோக்காரரும் லாரிக்காரரும்தான் அதைச் சுமப்பார்கள் என்பது நியாயமான கவலை. ஆனால் இழப்பீடு அசையாமல் நின்ற காலத்திலும் பிரீமியம் நிற்கவில்லை. 2011 முதல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விலைவாசிக் குறியீட்டையும் சேர்த்து ஒரு சூத்திரம் வைத்து, தேர்ட் பார்ட்டி கட்டணத்தை ஏறத்தாழ ஆண்டுதோறும் திருத்திவந்தது. வாங்கும் பணம் விலைவாசியோடு ஏறும்போது கொடுக்கும் பணம் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? போலி க்ளைம் பெருகும் என்பார்கள். மோசடி செய்பவர் தேடிப்போவது பெரிய தொகை கிடைக்கும் வழக்கைத்தான். நிலையான தொகையைக் குறைத்துவைப்பதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தவறைப் பார்க்காமல் பணம் கொடுத்தால் ஓட்டுநர்களுக்கு அச்சம் போய்விடும் என்ற வாதமும் நிற்காது. தவறு நிரூபணமான வழக்கிலும் பெரும்பாலும் பணம் கட்டுவது இன்ஷூரன்ஸ் கம்பெனிதான். ஓட்டுநரைத் தண்டிக்கத் தனிக் கிரிமினல் சட்டம் இருக்கிறது.

இந்த நோய்க்கு மருந்து ஏற்கெனவே கண்டுபிடித்தாகிவிட்டது. 2017 தீர்ப்பில், ஈமச் செலவு போன்ற தொகைகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எழுதிவைத்தது. 2018 அட்டவணையும் மரணத்துக்கு 5 லட்சம் என்று சொன்னதோடு, 2019 ஜனவரி முதல் ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும் என்றும் சொன்னது. அந்த ஒரு வரி நீடித்திருந்தால், கூட்டு முறையில் ஏழே உயர்வில் தொகை 7 லட்சத்தைத் தாண்டியிருக்கும். 2019 திருத்தம் சேர்த்து, 2022-இல் நடைமுறைக்கு வந்த 164-ஆம் பிரிவு 5 லட்சத்தை எடுத்துக்கொண்டு, ஆண்டு உயர்வை விட்டுவிட்டது. 1982-இல் செய்த பிழையே திரும்ப நடந்திருக்கிறது. அந்த 5 சதவீத வரியை நாடாளுமன்றம் 164-ஆம் பிரிவில் சேர்க்க வேண்டும். இன்னொரு 28 ஆண்டு காத்திருக்க அந்தக் குடும்பங்களால் முடியாது.