அப்பாவின் ஃபிளாப்பியும் அலிபிரிப் படிக்கட்டும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஆபீசில் ஆணிகள் அதிகம். அது போதாதென்று, இந்த ஜெர்மன் ஊரில் இருக்கும் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாள் கணினித் தமிழ்க் கூடல் நடத்தப் போகிறோம். ஸ்பான்சர் கிடையாது. வாடகை இல்லாத ஒரு சர்ச் ஹால், வீட்டிலிருந்து கொண்டுவரும் புளியோதரை, ஒரு ப்ரொஜெக்டர், அவ்வளவுதான். "வரலாறு பத்தி நீங்க அரை மணி நேரம் பேசிடுங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தயார் செய்யலாம் என்று உட்கார்ந்தபோது கையில் கிடைத்தது அப்பாவின் ஃபிளாப்பி. ஆகவே கொஞ்சம் கொசுவத்தி சுற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருப்பதியில், அலிபிரி போகும் ரோட்டில். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரியும் வரை அதெல்லாம் சென்னை மாகாணம். ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, திருப்பதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்களைப் போன்ற குடும்பங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று இரண்டு எழுத்தோடும் வளர்ந்தோம். எனக்குத் தமிழ் படிக்கத் தெரிந்தது அப்பா வாங்கிப்போட்ட வாரப் பத்திரிகைகளால்.

அப்பா பள்ளி ஆசிரியர். 1944-இல் மலைக்கு முதல் பஸ் பாதை திறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அதுவரை மலைக்குப் போனவர்கள் அலிபிரியிலிருந்து படியேறினார்கள், முடியாதவர்கள் டோலியில் போனார்கள். ரோடு வந்த பிறகு அந்த டோலிக்காரர்களுக்கு என்ன ஆனது, அடிவாரத்தில் கடை வைத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். ரிட்டயரான பிறகு, 1998-இல், ஊரில் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து அத்தனையையும் அடிக்க வைத்து ஒரு ஃபிளாப்பியில் வாங்கிவந்தார். "உங்கிட்ட இருந்தா பத்திரம்" என்று நான் விமானம் ஏறும்போது கொடுத்தார். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. கையெழுத்து நோட்டு ஒரு மழையில் போய்விட்டது. கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசை வரிசையாக நிற்கின்றன.

ஏன் இப்படி என்று சொல்லத்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.

அன்றைய கணினியில் ஒரு எழுத்துக்கு எட்டு பிட், மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கும் மற்ற குறிகளுக்கும் போய்விடும். மிச்சம் 128. நமக்கோ 247 எழுத்து. அதனால் கொம்பு தனி, கால் தனி, சுழி தனி என்று உடைத்து, ஐரோப்பிய எழுத்துகள் இருந்த இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த வடிவம் என்பது ஃபாண்ட் செய்தவரின் இஷ்டம். ஒருவர் ஃபாண்டில் அடித்ததை இன்னொருவர் ஃபாண்டில் திறந்தால் குப்பை. அன்றைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தமிழில் மடல் போட்டால், படிக்கிறவரிடம் அதே ஃபாண்ட் இருக்க வேண்டும்.

இதை யாராவது சரிசெய்யாவிட்டால் இணையத்தில் தமிழே இருக்காது என்று முதலில் பதறியவர்களில் ஒருவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. அவர் எழுத்தாளர், ஆசிரியர். கணியன் என்ற முறையை உருவாக்கியவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழை ஏற்றியது அவர் உழைப்பு. 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' என்ற கூட்டத்தை முன்னின்று நடத்தினார். உலகத்தின் பல மூலையில் தனித்தனியாக ஃபாண்ட் செய்துகொண்டிருந்தவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச அது வழி செய்தது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான மாநாட்டுத் தயாரிப்பு. மலேசியாவில் முரசு அஞ்சல் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியில் இருந்த கு. கல்யாணசுந்தரம், இன்னும் பல நாட்டுத் தமிழர்கள். எல்லாருக்கும் வேறு வேலை உண்டு. ராத்திரி உட்கார்ந்து மின்னஞ்சலிலேயே சண்டை போட்டு, சமாதானமாகி, 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வடித்தெடுத்தார்கள். யாரும் சம்பளம் வாங்கவில்லை. இதே கல்யாணசுந்தரம்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழைய நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்ய வைத்தவர்.

1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாட்டைத் தமிழக அரசு நடத்தியது. இந்த முயற்சிக்குப் பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமை தாங்கினார். அங்கேதான் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. நான் இந்தக் கட்டுரையை அடிப்பதும் அதில்தான். குறியீட்டில் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வந்தது: தமிழ் மட்டும் கொண்ட 'டாம்', ஆங்கிலமும் சேர்ந்த 'டாப்'. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் திஸ்கியை விடவில்லை. ஆக, ஒன்று வேண்டும் என்று கூடியவர்கள் மூன்றோடு வீடு திரும்பினார்கள் :-) அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார்.

ஆனாலும் கூடியது வீண் இல்லை. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் மறுபடி கூடியபோது 'உத்தமம்' அமைப்பு பிறந்தது. பிறகு 2001-இல் கோலாலம்பூர், 2002-இல் கலிஃபோர்னியாவின் ஃபாஸ்டர் சிட்டி, 2003-இல் சென்னை என்று மாநாடு ஊர் ஊராகச் சுற்றியது. 2009 அக்டோபரில் இங்கே கொலோன் பல்கலைக்கழகத்தில் நடந்தபோது நானும் ரயில் பிடித்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தமிழ் பேசத் தெரிந்த ஜெர்மன் மாணவர்களைப் பார்த்து வாயைப் பிளந்தது இன்னும் நினைவிருக்கிறது.

கடைசியில் மூன்றையும் ஓரங்கட்டியது ஒருங்குறி, அதாவது யூனிகோட். 1991-இலேயே அதில் தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரண ஆள் கையில் கிடைத்தது. இதிலும் மனக்குறை உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சாக இருந்த இஸ்கி முறையை அப்படியே எடுத்துப் போட்டதால் தமிழின் உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை என்று வாதாடியவர்கள் டேஸ்-16 என்ற மாற்றை முன்வைத்தார்கள். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியோடு அதையும் ஏற்று ஆணை போட்டது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்றாலும், திருப்பதிப் பையனான எனக்கு இஸ்கி அச்சில் ஒரு ரகசிய சந்தோஷம்: ஒருங்குறியில் தமிழ் 'க'வுக்கும் தெலுங்கு 'க'வுக்கும் இடையே சரியாக 128 இடம். 'ம'வுக்கும் அதே 128 தான். நான் வளர்ந்த இரண்டு எழுத்தும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடு மாதிரி இருக்கின்றன. 2015 பிப்ரவரியில் தெலுங்கு விக்கிப்பீடியாக்காரர்கள் தங்கள் பதினோராம் ஆண்டு விழாவை எங்கள் ஊரிலேயே நடத்தினார்கள் என்று கேட்டபோது அந்த எதிர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்தது போல இருந்தது.

சரி, அப்பாவின் கோப்புக்கு வருகிறேன். திஸ்கி, டாப், டாம் எல்லாவற்றுக்கும் மாற்றிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதிலும் வரவில்லை. அந்த டி.டி.பி. சென்டர் வைத்திருந்தது எந்தத் தரத்திலும் சேராத ஏதோ ஒரு ஃபாண்ட். அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, அப்பா அன்னிக்கு பிரிண்ட் எடுத்தாரே, ஏதாவது இருக்கா?"

"பீரோல நாலு பக்கம்தாண்டா இருக்கு. மிச்சம் கரையான் தின்னுடுச்சு."

நாலு பக்கம் போதும். அக்கா படம் பிடித்து அனுப்பினாள். ஒரு பக்கம் தாள், ஒரு பக்கம் குப்பை எழுத்து. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட மூன்று வார இறுதி ஆனது. பிறகு மாற்றினால் 'டோலி' என்பது 'ேடாலி' என்று வந்து நிற்கிறது. அந்தக் காலத்து ஃபாண்டில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், ஒருங்குறியில் மெய் முதலில். கொம்பை எடுத்துப் பின்னால் வைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். இருபத்தொரு பக்கமும் தமிழாகிவிட்டது.

ஒரே ஒரு குறி மட்டும் மிஞ்சியது. மூன்று இடத்தில் வருகிறது, அந்த நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை. அந்த வரியை போனில் படித்துக் காட்டினேன். "ஏதோ யிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலிபிரிக்குப் போவேன்" என்று நான் முடிக்கும் முன்பே அக்கா சொல்லிவிட்டாள்.

"ஞா-டா அது. ஞாயித்துக்கிழமை. மறந்துட்டியா? நீ முதல் பத்துப் படியிலேயே தூக்கச் சொல்லி அழுவே."

மறந்துதான் போயிருந்தேன். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே போகும் பெண்களுக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்து அப்பா யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். அவர் டோலிக்காரர்களிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது.

ஆகவே கூடலில் அரை மணி நேரம் ஸ்லைடு போட்டு அறுக்கப் போவதில்லை. ஒவ்வொருவரும் வீட்டில் திறக்க முடியாமல் கிடக்கும் ஒரு பழைய தமிழ்க் கோப்பைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து திறக்கலாம் என்று சொல்லிவிட்டேன். மேடையில் பேசியதைவிட, அதற்கு முன்னால் ராத்திரி ராத்திரியாகப் பட்டியல் போட்டதுதான் நம்மிடம் தங்கியிருக்கிறது என்பதுதானே இந்த வரலாறு.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு ஃபிளாப்பியோ சிடியோ இருக்கும். கூடவே அதே எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியம், அதைப் படித்துச் சொல்ல ஒரு அக்கா இருந்தால் இன்றைக்கே போன் போட்டுவிடுங்கள்.