1150 என்ற எண்ணும் செட்டிநாட்டுக் கல்யாண சிடியும்

ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் காரைக்குடியில் அப்பாவின் கடையில் கிராமபோன் இசைத்தட்டு விற்றவர். அந்த 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம். பாடகர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பாட்டு அதற்குள் முடிந்தாக வேண்டும். அறுபது எழுபது வருஷம் கழித்து அதே ஊர் வீடியோக்காரர்களுக்கும் இதே தலைவலி வந்தது. இந்த முறை தட்டுக்குள் அடக்க வேண்டியது பாட்டு அல்ல, கல்யாணம்!

1993-ல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நான்கு கம்பெனிகளும் சேர்ந்து விசிடிக்கான விதிமுறையை வெளியிட்டன. 'வெள்ளைப் புத்தகம்' என்று அதற்குப் பெயர். அதன்படி வீடியோவுக்கு விநாடிக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். 1000 இல்லை, 1200 இல்லை, அதென்ன 1150?

கணக்கு எளிதுதான். பாட்டு சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் சுமார் 1411 கிலோபிட். சிடி டிரைவ் சாதாரணமாகச் சுற்றும்போது படிக்கக்கூடியது அவ்வளவுதான். அதே டிரைவிலேயே படமும் ஓடினால்தான் ப்ளேயரை மலிவாக விற்க முடியும். 1150-ஐயும் 224-ஐயும் கூட்டினால் 1374. மீதி, தகவலைக் கட்டி அனுப்பும் செலவுக்குப் போய்விடும். ஆக, 1150 என்பது படத்தின் அழகைப் பார்த்து வைத்த எண் இல்லை, டிரைவின் விலையைப் பார்த்து வைத்த எண்.

விலை என்றதும் ஒரு கிளைக்கதை. அதே 1993-ல் சீனாவின் வான்யான் கம்பெனி, அமெரிக்காவின் சி-க்யூப் சிப்பை வைத்து முதல் விசிடி ப்ளேயரைச் செய்தது. காப்புரிமை வாங்கி வைக்கவில்லை. போட்டிக்காரர்கள் பிரித்துப் பார்த்துக் காப்பியடித்தார்கள். விசிடி ப்ளேயர் ஆசியா முழுக்கப் பரவியது, வான்யான் காணாமல் போனது. காமர்ஸ் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம் :-)

இனி கல்யாண வீட்டுக்கு வருவோம். மினி டிவி கேமரா விநாடிக்கு 25 மெகாபிட் பதிவு செய்யும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. அதை 1150-க்குச் சுருக்குவது என்றால் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. அசையாத படம் சுலபமாகச் சுருங்கும். செட்டிநாட்டு வளவிலோ வெளிச்சம் குறைவு. இருட்டில் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். அந்த இரைச்சலும் பிட்டைத் தின்னும். திருப்பூட்டும் நேரத்தில் அட்சதை பறக்கும், நாலு பக்கமும் ஃப்ளாஷ் அடிக்கும். அந்த ஒரு நிமிஷத்தில்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்த நிமிஷத்தைத்தானே!

பிட்ரேட்டை 2000-க்கு ஏற்றினால் என்ன? எக்ஸ்விசிடி என்று இதற்குப் பெயரும் உண்டு. விதிக்கு வெளியே போன டிஸ்க். 74 நிமிஷ சிடியில் முக்கால் மணி நேரம்தான் கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், கடையில் அது அருமையாக ஓடும். கம்ப்யூட்டர் டிரைவ் பல மடங்கு வேகத்தில் படிக்கும் அல்லவா? வாடிக்கையாளர் வீட்டுப் பழைய ப்ளேயர் 1x-க்கு மேல் ஓடாது. படம் நின்று நின்று போகும், ஒலி முன்னால் ஓடிவிடும். 1998-ல் சீனாவில் வந்த எஸ்விசிடி இதையே முறைப்படி 2x வேகத்தில் செய்தது. ஆனால் ஒரு சிடிக்கு 35, 40 நிமிஷம்தான். கல்யாணத்துக்கு ஐந்தாறு டிஸ்க் கொடுத்தால் யார் மாற்றி மாற்றிப் போடுவது?

டிவிடி வந்ததும் கதை தலைகீழானது. வீடியோவுக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், எல்லாம் சேர்த்து 10.08. இங்கேதான் பலர் விழுந்தார்கள். சுருக்காத பிசிஎம் ஒலி வைத்தால் அது மட்டுமே 1.536 மெகாபிட். 9.8-உடன் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். போதாக்குறைக்கு, வீட்டில் எரித்த டிஸ்க் தொழிற்சாலை டிஸ்க் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பாது. லேசர் தடுமாறித் திரும்பப் படிப்பதற்குள் ப்ளேயரின் சேமிப்பு காலியாகும். விசிடியில் கட்டமாக உடைந்த அதே திருப்பூட்டு, டிவிடியில் உறைந்து நின்றது. உச்சத்தை 8-க்குள் வைத்து, சராசரியை 5 ஆக்கினால் 4.7 ஜிபியில் இரண்டு மணி நேரம் வரும். அனுபவப்பட்டவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மோசர் பேர் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. 28 ரூபாய்ப் படம் தடங்கலில்லாமல் ஓடும்போது, ஆயிரக்கணக்கில் செலவழித்த கல்யாணம் ஏன் திக்குகிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? (அந்த மோசர் பேரும் 2018-ல் கலைப்புக்குப் போனது.)

இப்போது டிஸ்க்கைப் பென்டிரைவுக்கு மாற்றித் தருகிறார்கள். மினி டிவி டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிட்ட இடங்களில், அந்த 1150 கிலோபிட்தான் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி. எவ்வளவு பெரிய டிவியில் போட்டாலும் 352-க்கு 288 புள்ளிகள்தான். எரித்த டிஸ்க்கின் சாயம் வெளுத்துவிட்டால் அதுவும் இல்லை.