கழற்றச் சொல்வது யார்? சிலம்பக் களமும் செருப்பின் வரலாறும்

சிலம்பம் கற்கப் போகும் பிள்ளைக்குக் களத்தில் சொல்லப்படும் முதல் சொல், செருப்பைக் கழற்று என்பதுதான். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மண்ணைத் தொட்டு வணங்கிய பிறகே கம்பை எடுக்க வேண்டும். ஒரு பிள்ளை இதை மரபு என்று எடுத்துக்கொள்கிறது. இன்னொரு பிள்ளைக்குத் தாத்தா சொன்ன கதை நினைவுக்கு வருகிறது. “ஊர்த் தெருவிலும் இப்படித்தானே கழற்றச் சொன்னார்கள்?” என்று அது கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் களத்தைப் பார்ப்போம். சிலம்பத்தின் பாதி கையில் இருக்கிறது, மீதிப் பாதி காலில். காலடி வரிசை தெரியாதவனுக்குக் கம்பு வெறும் குச்சிதான். எந்தக் காலில் எடை நிற்கிறது, எந்தக் கால் அடுத்து நகரும் என்பதைப் பாதம்தான் உணர்கிறது. ரப்பர் செருப்போடு சுழன்று திரும்பினால் செருப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். கேரளத்தின் களரி, தரையைத் தோண்டி அமைத்த மண் தளம், அங்கும் வெறுங்கால்தான். வட இந்திய மல்யுத்தக் குழியிலும் அப்படியே. ஜப்பானில் வீட்டுக்குள் காலணியோடு நுழைவதில்லை, அந்தப் பழக்கமே கராத்தே, ஜூடோ கூடங்களுக்கும் வந்தது. சீனத்தில் கல் பாவிய முற்றங்களில் பயின்றவர்கள் துணிக் காலணி அணிந்தார்கள். ஆக, பயிற்சியில் காலணி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் தரைதான் முடிவுசெய்தது. இதில் புனிதம், தீட்டு எதுவும் இல்லை.

இப்போது தெருவுக்கு வருவோம். அங்கே முடிவுசெய்தது தரை அல்ல, சாதி.

தஞ்சையை அடுத்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில், கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் சாதி குறித்த தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில், குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பதும் உண்டு. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931இல் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாகின.

காவிரி டெல்டாவில் இப்படி எழுதி வைக்கவே தேவைப்படவில்லை. பண்ணையாள் முறையே போதுமானதாக இருந்தது. பள்ளரும் பறையரும் மிராசுதாரர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தார்கள். எதிர்த்துப் பேசினால் சாட்டையடி, சாணிப்பால். வயலில் சேறு, அங்கே யாராலும் செருப்பு போட்டு நடவு நட முடியாது. கரையேறி ஊர்த் தெருவில் நடக்கும்போதும் அதே வெறுங்கால்தான் விதிக்கப்பட்டது. ஒரு சோடி செருப்பு வாங்க முடிந்தவர்கூட, தெரு வந்ததும் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய நம் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், எந்தத் தெருவில், யார் வீட்டு வாசலில் என்று சொல்வார்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

மேற்கு மாவட்டங்களில் தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்த அருந்ததியரின் நிலை இன்னும் கொடியது. ஊருக்கே செருப்புத் தைத்தவர், தான் தைத்ததைப் போட்டுக்கொண்டு அதே ஊருக்குள் நடக்க முடியாது.

இது மானப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது, குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கிறது. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களிடையே இது பெரும் நோயாக இருந்தது. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. இந்தப் புழுவைத் தடுக்க இரண்டு எளிய வழிகள், கழிப்பறையும் செருப்பும். நம்மவர்களுக்கு இரண்டுமே இல்லை.

டெல்டாவில் இந்த நிலையை உடைத்தது அமைப்பு. கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ், 1940களில் சேரி சேரியாக நடந்து விவசாயிகள் சங்கத்தைக் கட்டினார். அடித்தால் திருப்பி அடிக்கச் சொன்னார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது என்பதை மிராசுதாரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஆனாலும் நடப்பதிலும் சாதி இருக்கிறது என்பதை வெண்மணி காட்டியது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. பெரும் நிலமும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் பார்வை. ஒரு கூட்டம் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். இன்னொரு கூட்டம் நடக்கும் என்றே நம்பக்கூடாது!

வீரம் சில சாதிகளுக்குச் சொந்தம் என்ற பேச்சுக்கும் இங்கே பதில் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்வீர இனங்கள்’ என்ற கோட்பாட்டைப் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயத் தளபதிகள், தென்னிந்தியர்களையும் தலித்துகளையும் படையிலிருந்து குறைத்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. அம்பேத்கர் உள்ளிட்டோர் தொடர்ந்து கேட்ட பிறகு, 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் உருவானது. போர்க்கலை தெரியாததால் நாம் வெளியே நிற்கவில்லை, தெரிந்த நம்மை வெளியே நிறுத்தினார்கள். நம் சேரிகளில் நிற்கும் அம்பேத்கர் சிலையின் காலைப் பாருங்கள், ஷூ இருக்கும். அந்தச் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் அடைக்க வேண்டியிருக்கும் நாட்டில், அந்த ஷூ அலங்காரம் அல்ல.

சட்டமும் இதைக் கண்டுகொண்டிருக்கிறது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொது இடத்தில் பட்டியலினத்தவர் செருப்பு அணிவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 21ஆம் நூற்றாண்டில் செருப்புக்காக ஒரு சட்டப் பிரிவு தேவைப்படுகிறது என்றால், அந்தத் தெருக்கள் இன்னும் இருக்கின்றன என்றுதான் பொருள்.

அப்படியானால் களத்தில் கழற்றலாமா? கழற்றலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு.

ஒன்று, எல்லோரும் கழற்றுகிறார்களா? வாத்தியார், அவர் பிள்ளை, விழாவுக்கு வரும் ஊர்ப் பெரியவர் எல்லோருக்கும் அதே விதி என்றால் அது பயிற்சி. நமக்கு மட்டும் என்றால் அது பழைய தெரு.

இரண்டு, காரணம் என்ன சொல்கிறார்கள்? பிடிமானம், சமநிலை என்றால் ஏற்கலாம். செருப்பு தீட்டு என்றால் அங்கேயே மறுக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் தாள் குத்தும், பொது இடத்தில் கண்ணாடிச் சில்லு கிடக்கும். அங்கெல்லாம் பிள்ளையின் பாதம்தான் முக்கியம், மரபு அல்ல. தரையைக் கூட்டிச் சுத்தம் செய்ய முடியாவிட்டால் கான்வாஸ் ஷூ போடட்டும்.

மூன்று, பயிற்சி முடிந்து திரும்பும்போது அந்தப் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு எந்தத் தெருவழியாகவும் வீட்டுக்குப் போக முடிகிறதா?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இனி சான்றிதழும் வேலைவாய்ப்பும் இதைத் தேடி வரும், களங்களும் பெருகும். நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும், முன்வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் ஊரில் மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்றால், தெருவின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள்.