பிராக்கெட் புராணம்

புத்தக அலமாரி மாட்டலாம் என்று போன வாரம் இங்கே ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பிராக்கெட் என்று கேட்டதும் ஒரு சுவர் முழுக்கக் காட்டினார்கள். அலமாரிக்கு, டிவிக்கு, ஏசிக்கு என்று விதவிதமாக. வீட்டுக்கு வந்தால் மகள் கணக்கு நோட்டோடு நிற்கிறாள்: "பிராக்கெட்டை முதல்ல போடணுமாப்பா?" இங்கிலீஷ்காரனுக்கு எல்லாம் ஒரே சொல்தான் (இதோ, இதுவும் பிராக்கெட்தான்!).

நம்மிடம் தனித்தனிப் பெயர் உண்டு. எழுத்தில் வருவது அடைப்புக்குறி. கோயில் தூணின் தலையில் உட்கார்ந்து உத்தரத்தைத் தாங்குவது போதிகை. பல்லவர் போதிகையில் அலை அலையாக வரிகள் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டி நடுவில் முனை நீட்டியது. நாயக்கர் காலத்தில் பூமொட்டாகத் தொங்கியது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் 1914-இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட உறுப்புகளின் மாற்றத்தை வைத்தே கோயில்களின் காலத்தை வரிசைப்படுத்தினார்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னொரு பிராக்கெட்டும் தெரியும். அது தென்னையின் அடிமரத்தில் தட்டு மாதிரி முளைக்கும் காளான். 1952 புயலுக்குப் பிறகு அந்த ஜில்லாவில் தென்னைகள் வாடிச் சாக, 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கானோடெர்மா என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேருக்குள் போகும். மட்டை தொங்கும், அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியும். காளான் தட்டு வெளியே தெரிவதற்குள் உள்ளே முக்கால்வாசி முடிந்திருக்கும். போதிகை தாங்கும், இது எதையும் தாங்காது.

இதெல்லாம் சித்தப்பா சொல்லிக் கொடுத்தது. தஞ்சை ஜில்லாவிலிருந்து பிழைக்கப் போய், அந்தமானில் போர்ட் பிளேர் பக்கத்து சிப்பிகாட்டில் தென்னை வைத்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாழ்வான வயலெல்லாம் கடலானது. மேட்டோரத்து மரங்கள் தப்பின. சில மாதத்தில் அவையும் மஞ்சளடிக்க, ஊர்ப் பழக்கத்தில் சித்தப்பா குனிந்து அடிமரத்தைத்தான் பார்த்தார். மரத்துக்கு 5 கிலோ கணக்கில் வேப்பம்புண்ணாக்கு வாங்கினார். மரங்களைச் சுற்றிக் குழி வெட்டினார். வெட்டிய குழியில் தண்ணீர் ஊறியது. வாயில் வைத்துப் பார்த்தால் உப்பு.

"ஒரு மரத்துலயும் காளான் இல்லடா, தம்பி" என்றார் போனில். நோய் மரத்தில் இல்லை. பூகம்பத்தில் தெற்கு அந்தமான் நிலமே சுமார் ஒரு மீட்டர் இறங்கியிருந்தது. அலையேற்றத்தின்போதெல்லாம் கடல் உள்ளே வந்து போனது. புண்ணாக்கு மூட்டைகளைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் இப்போது சதுப்பு நிலம். பறவை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நான் கடைசியாகப் போனபோது சித்தப்பா ஒரு மொட்டைத் தென்னையைக் காட்டினார். அடியில் இரண்டு காளான் தட்டுகள்.

"இப்பதான் வந்திருக்கு, பாரு" என்றார்.