மதுக்கடையின் தரைப்படம்

காஞ்சிபுரம் என்றால் கல் என்றே நமக்குப் பழகிவிட்டது. கைலாசநாதர், வைகுந்தப் பெருமாள் என்று சரித்திரக்காரர்கள் அடுக்குவதெல்லாம் கல்லாக நின்றுவிட்டவை. இந்த ஊரின் இன்னொரு கட்டடம் ஒரு நாடகத்துக்குள் இருக்கிறது. அது மதுக்கடை. அதன் தரைப்படத்தை வரைந்து பார்ப்பது கொஞ்ச காலமாக என் வேலையாகிவிட்டது.

நாடகம், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம். 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சேற்றும்வரை கேரளத்து ஏடுகளிலும் கூத்திலுமாக உயிர் வைத்திருந்தது. காபாலிகன் சத்தியசோமன் தேவசோமையோடு தள்ளாடிக்கொண்டு கடை வாசலுக்கு வருகிறான். கடை அவனுக்கு வேள்விச் சாலையாகத் தெரிகிறது. கொடிக்கம்பம் யூபம், குடிப்பவர்கள் ரித்விக்குகள், சுட்ட இறைச்சி அவிசு, பாட்டு சாமகானம், தாகமே அக்கினி, கடைக்காரன் எஜமானன்.

கிண்டல்தான். ஆனால் கிண்டல் பலிக்க வேண்டுமானால் சாமான்கள் பொய்யாக இருக்கக் கூடாது. பார்ப்பவன் தெருவில் கண்ட கடையாக இருந்தால்தான் சிரிப்பான். ஆகவே என் படத்தில் வாசலில் ஒரு கம்பம், உள்ளே இறைச்சி சுடும் அடுப்பு, பாடுவதற்கு ஓர் இடம். காபாலிகன் வந்தது பிச்சைக்கு. எனவே ஏந்தி நிற்பவனுக்கும் ஓர் ஓரம். கடை, சமையலறை, பாட்டரங்கம், தர்ம வாசல், எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அர்த்தசாஸ்திரம் காஞ்சிக்காக எழுதப்பட்டதல்ல. என்றாலும் மதுக்கடைக்குப் பல அறைகள் வேண்டும், தனித்தனியே படுக்கையும் ஆசனமும் வேண்டும், பருவத்துக்கேற்ற வாசனையும் மாலையும் தண்ணீரும் வேண்டும் என்கிறது. மயங்கிக் கிடப்பவனின் பொருள் போனால் கடைக்காரனே ஈடு கட்ட வேண்டும். குடிப்பவனை ஒரு மனிதனாக வைத்துப் போட்ட திட்டம் அது. ஒற்றர்களுக்கும் அதில் இடமிருந்தது என்பது வேறு விஷயம். இன்றைய ‘ஒயின் ஷாப்’பில் மிச்சமிருப்பது கம்பி வலையும் கை நுழைகிற சந்தும்.

இதே மகேந்திரன்தான் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்லில் பெருமைப்பட்டுக்கொண்டவன். மதுக்கடை அழியக்கூடிய அந்தப் பொருள்களால்தான் நின்றிருக்கும். அழிந்தும் போயிற்று. கல்லில் அவன் ஒதுக்கியதைச் சிரிப்பில் காப்பாற்றிவிட்டான். தெரிந்து செய்தானா என்பது எனக்கு முக்கியமில்லை.

எனக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை. எங்களுடையது நெசவாளர் வீடு. முன்கட்டில் தறிக்குழி, தாத்தா காலை அதற்குள் விட்டு உட்கார்ந்திருப்பார். கோர்வைக்கு மறுகரையில் நாடா தள்ள ஒரு பையன். ஒரு சுவரில் சாமி மாடம், இன்னொன்றில் தூளி. விலை பேச வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போவார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், தறி ஒன்றுதான். வீடும் அப்படித்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அதை இடித்தோம். கீழே ஜவுளிக்கடை, மேலே வாடகை அறைகள். பங்கு பிரித்த பத்திரத்தில் நீள அகலம் இருக்கிறது, தறிக்குழி இல்லை. மகேந்திரன் கடையை என்னால் வரைய முடிகிறது. எங்கள் வீட்டை வரைய உட்கார்ந்தால் மாடம் எந்தச் சுவரில் என்று அண்ணனுக்கும் எனக்கும் தகராறு வருகிறது. அந்த வீட்டைக் கேலி செய்தாவது யாரும் எழுதி வைக்கவில்லை.