உபவாசத்தில் மிச்சமான அரிசி



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் பண்ணினாள். பெயர் வேண்டாம். கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று 21 நாள் உபவாச ஜெபத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாளே தலைசுற்றல், குழந்தைக்குப் பாலும் குறைந்துவிட்டது. "டீச்சர், நடுவுல விட்டா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டாள். "முதல்ல போய்ச் சோறு சாப்பிடு, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மத்ததுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபவாசம் யூதர்களிடமிருந்து நமக்கு வந்தது. ஆதி சபைக்காரர்கள் அதை எப்படிக் கைக்கொண்டார்கள் என்று அறிய 'டிடாக்கே' என்ற சிறு நூல் இருக்கிறது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று பொருள். பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் அகப்பட்டு, 1883-ல் அச்சானது. மற்றவர்கள் திங்களும் வியாழனும் உபவாசம் இருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது அது. ஞானஸ்நானம் பெறப்போகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசம் இருக்க வேண்டுமாம். கொடுக்கிறவரும் கூடவே பட்டினி கிடக்க வேண்டுமாம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை காலையில் வெறும் தண்ணீரோடு இருப்பார்கள். அந்த வழக்கத்துக்கு 1800 வயதுக்கு மேல் ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த இரண்டு நூல்களைப் பற்றி.

இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தில் அரிஸ்டைடஸ் என்று ஒரு தத்துவ அறிஞர் இருந்தார். கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விளக்கி ரோமப் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதன் சிரியாக் மொழிப் பிரதியை 1889-ல் சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் ரெண்டல் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் கண்டெடுத்தார். அதில் வருகிற செய்தி இது: இவர்கள் நடுவில் ஒரு ஏழை இருந்து, கொடுக்க இவர்களிடம் மிச்சம் எதுவும் இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் சாப்பிடாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டை அவனுக்குக் கொடுக்கிறார்கள்.

பணக்காரர் தர்மம் செய்வது எல்லா ஊரிலும் உண்டு. இவர்களோ கையில் ஒன்றும் இல்லாதவர்கள். வயிற்றைக் காயப்போட்டுத்தான் கொடுக்க முடிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் ரோமாபுரியில் எழுதப்பட்டது 'ஹெர்மாவின் மேய்ப்பன்'. ஆதிச் சபைகள் பலவற்றில் வேதத்துக்கு அடுத்த மரியாதை அதற்கு இருந்தது. அதில் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். உபவாச நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள். அன்றைக்கு வழக்கம்போல் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார். அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ, தாய்தகப்பன் இல்லாத பிள்ளைக்கோ, இல்லாதவனுக்கோ கொடுத்துவிடு. இரண்டு நூலிலும் உபவாசத்துக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது பாருங்கள். ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் இன்னொரு வீட்டில் எரிய வேண்டும். ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள், இதன் வேர் அங்கே இருக்கிறது.

நாற்பது நாள் கணக்கெல்லாம் பிறகுதான் உறுதிப்பட்டது. பஸ்கா பண்டிகைக்கு முன் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கு மேலும் உபவாசம் இருக்கிறார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரேனியஸ் எழுதுகிறார். எண்ணிக்கை வேறுபட்டாலும் சமாதானமாகத்தான் இருந்தார்கள் என்பது அவர் வாதம். 325-ல் கூடிய நிசேயா சங்கத்தின் தீர்மானங்களில்தான் நாற்பது நாள் என்ற பேச்சு வருகிறது. ஆகவே 21 என்ற எண்ணில் ஒரு நாள் குறைந்துவிட்டதே என்று யாரும் நடுங்க வேண்டாம்.

எகிப்தின் வனாந்தரத் துறவிகளை நமக்குத் தெரியும். கடுமையான உபவாசக்காரர்கள். அவர்களைப் பார்க்கப் போன ஜான் காசியனுக்கு ஒரே ஆச்சரியம். விருந்தாளி வந்தால் உபவாசத்தை முறித்துக் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, உபவாசம் என்னோடு எப்போதும் இருக்கும், உங்களை எப்போதும் வைத்துக்கொள்ள முடியாதே என்று ஒரு பெரியவர் பதில் சொன்னாராம்.

பிறகு என்ன ஆயிற்று? பிரான்ஸ் தேசத்து ருவான் நகரப் பேராலயத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது. பெயரே வெண்ணெய்க் கோபுரம். 1485-ல் தொடங்கி 1506-ல் முடித்தார்கள். லெந்து நாட்களில் வெண்ணெய் சாப்பிடக் கூடாது என்பது அன்றைய சட்டம். காசு கட்டினால் அனுமதி உண்டு. அந்தக் காசு கோபுரத்துக்குப் போனது. ஏழைக்குப் போக வேண்டிய பணம் கல்லாகிவிட்டது. 1520-ல் மார்ட்டின் லூதர் இந்த வெண்ணெய் வியாபாரத்தைக் கடுமையாகச் சாடினார். 1522 லெந்து நாட்களில் சூரிச் நகரத்தில் ஓர் அச்சகத்தார் வீட்டில் வேண்டுமென்றே இறைச்சி சாப்பிட்டார்கள். கூட இருந்த ஸ்விங்லி தான் சாப்பிடவில்லை, ஆனால் சாப்பிட்டவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். நியாயமான கோபம்தான். ஆனாலும் கட்டாயத்தை எடுத்தபோது நம் புராட்டஸ்டண்டுகளில் பலர் உபவாசத்தையே மறந்துபோனோம் என்பது என் எண்ணம்.

இனி என் கதை. 1980-களின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. லெந்து வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிட மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் ஒரு பையன் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கினான். எனக்குப் பசி, எரிச்சல். ஸ்கேலால் இரண்டு அடி போட்டேன். மத்தியானம் சத்துணவு ஆயா வந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், அவன் நேத்து மத்தியானம் இங்க தின்னதுதான். ராத்திரி அவங்க வீட்ல அடுப்பு பத்தலை."

நான் வியாழன் இரவு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவள். அவன் அதுவும் இல்லாதவன். அன்றைக்கு என் டிபன் பெட்டி வீட்டில் காலியாகக் கவிழ்த்துக் கிடந்தது. அதில் சோறு போட்டுக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்திருக்கலாம் என்பது அன்று வரை எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பையன் இந்தப் பதிவைப் படிக்கிறானா தெரியாது. படித்தால், தம்பி, என்னை மன்னித்துக்கொள்.

இத்தனைக்கும் இது எனக்குப் புதிய பாடம் இல்லை. அம்மா உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு மண்பானையில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை மிச்சமாவதும் அதில்தான் சேரும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். சில வாரம் பின்தெருப் பெரியம்மா முந்தானையில் நேராகப் போய்ச் சேரும், அதை அம்மா யாரிடமும் சொன்னதில்லை. அரிஸ்டைடஸ் பெயரைக் கேட்டிராத அம்மா.

இப்போது எனக்குச் சர்க்கரை. பட்டினி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கத்தோலிக்கச் சபையிலேகூட உபவாசக் கடமை 18 வயது முடிந்தவர்களுக்கும் 60-ஆவது வயது தொடங்காதவர்களுக்கும்தான். நோயாளிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் விலக்கு உண்டு. ஆகையால் நான் சாயங்கால வடையையும் காபியையும் விட்டு, அந்தக் காசை ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுகிறேன். போன் பண்ணிய பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். ஜெபத்தை விடாதே, சோற்றை விடாதே. அவள் வீட்டுக்காரருக்கு வேலை கிடைக்க நானும் ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள். இந்த மாதம் டப்பாவில் சேர்ந்தது அவள் வீட்டுக்குப் போய்விட்டது.

உறவுக்காரர்களிடம் ஒரு கேள்வி: அம்மாவின் அந்த அரிசிப் பானை, விளிம்பில் சின்ன உடைப்பு இருக்கும், வீடு பிரித்தபோது யார் எடுத்துப் போனீர்கள்? நாசரேத் சித்தி வீட்டில் பார்த்ததாக ஞாபகம். இருந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள்.